இருபயன் விசையுந்து டயர்

இருபயன் விசையுந்து டயர் என்பது தார்ச்சாலையிலும், சரளை, மண், கப்பி போன்ற தளமிடப்படாத வழிகளிலும் ஓட்டப்படும் விசையுந்துகளுக்கு (மோட்டார் சைக்கிள்களுக்கு) என வடிவமைக்கப்படும் டயர் ஆகும். தார்ச்சாலைக்கு மட்டும் உரிய டயருக்கும், காட்டுவழிப் போட்டிகளுக்கு மட்டும் உரிய டயருக்கும் இடைப்பட்ட பண்புகளை இது கொண்டுள்ளது. இரு தளங்களிலும் மிகச் சிறந்ததாக விளங்கும் டயர் எதுவும் இல்லை. சரளையில் பிடிப்பைக் கூட்டும் அமைப்பு பெரும்பாலும் தார்ச்சாலையில் பிடிப்பையும் ஆயுளையும் குறைக்கின்றது. எனவே டயரைத் தேர்ந்தெடுப்பது என்பது, ஓட்டுநர் எந்தத் தளத்தில் எவ்வளவு தொலைவு செல்கின்றார், எந்த இடத்தில் பிடிப்பு இழப்பு அவருக்குப் பெருங்கேடாக அமையும் என்பனவற்றைக் கணக்கிட்டுச் செய்யப்படும் ஓர் ஈடுகட்டல் ஆகும்.

இரு சக்கரங்களில் மட்டுமே நிற்கும் ஊர்தியாதலால் விசையுந்துக்கு டயரின் பிடிப்பு இன்றியமையாதது. மகிழுந்தின் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்ற மூன்றும் அதனைத் தாங்கக்கூடும். விசையுந்தின் முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கினால் ஓட்டுநர் பெரும்பாலும் கீழே விழ நேரிடும். ஒவ்வொரு டயரும் எந்த நேரத்திலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு பரப்பிலேயே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது.

வரலாறு

காற்றடைத்த டயருக்கான முதல் காப்புரிமையை இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845 ஆம் ஆண்டில் பெற்றார். எனினும் அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1888 ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப் அதனை மீண்டும் உருவாக்கிய பின்னரே காற்றடைத்த டயர் மிதிவண்டிகளிலும், பின்னர் விசையுந்துகளிலும் இடம்பெற்றது. அக்காலத்தில் பெரும்பாலான சாலைகள் தளமிடப்படாதவையாக இருந்தமையால், இருபயன் டயர் எனத் தனியே ஒரு வகை தேவைப்படவில்லை. சாலைகளுக்குத் தார்த்தளம் இடப்பட்டு, விசையுந்துகளின் வேகமும் கூடியபோதே சாலை டயரும் காட்டுவழி டயரும் வெவ்வேறு திசைகளில் வளர்ந்தன.

1968 ஆம் ஆண்டில் யமஹா நிறுவனம் வெளியிட்ட டிடி-1 என்னும் 250 சிசி விசையுந்து, இரு தளங்களுக்கும் ஏற்ற எடை குறைந்த வண்டிகளுக்குப் பெரும் சந்தையை உருவாக்கியது. 1978 திசம்பரில் தொடங்கி 1979 சனவரியில் நிறைவுற்ற முதலாவது பாரிசு-டாக்கர் பந்தயம் நெடுந்தொலைவுக் காட்டுவழிப் பயணத்தின் மீது ஆர்வத்தைத் தூண்டியது. 1980 ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்பெயரிலுள்ள "ஜி/எஸ்" என்பது காட்டுவெளி, சாலை ஆகியவற்றைக் குறிக்கும் இரு செருமானியச் சொற்களின் முதலெழுத்துகள் ஆகும். எடை மிகுந்த, விரைவான இத்தகைய வண்டிகளின் வரவால், மண்ணிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் தாக்குப்பிடிக்கும் டயர்களின் தேவை எழுந்தது.

அமைப்பும் செயற்பாடும்

டயரின் தரையைத் தொடும் மேல்பகுதியில் உள்ள இரப்பர்க் கட்டைகளும் அவற்றிற்கு இடைப்பட்ட பள்ளங்களுமே அதன் தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. கட்டைகள் தனித்தனியாகத் துருத்தி நிற்கும் டயர் பேச்சு வழக்கில் பட்டன் டயர் எனப்படுகின்றது.

தார்ச்சாலையில்

தார்த்தளம் கடினமானது. அங்கு இரப்பர் தளத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பற்றிக்கொள்வதால் பிடிப்பு உண்டாகின்றது. ஆதலால் தரையைத் தொடும் இரப்பரின் பரப்பும், இரப்பர்க் கலவையின் தன்மையும் முதன்மை பெறுகின்றன. பட்டன் டயரில் இப்பரப்பு குறைவு. மேலும் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் உயரமான கட்டைகள் வளைந்து நெளிகின்றன. இதனால் வண்டி தளர்வாக ஆடுவது போன்ற உணர்வு ஏற்படுவதுடன், டயர் சூடாகி விரைவில் தேய்கின்றது. கட்டைகளின் ஒரு விளிம்பு மற்றதைவிட மிகுதியாகத் தேய்வதால் இரைச்சலும் அதிர்வும் கூடுகின்றன.

பள்ளங்கள் மிகுந்த டயர் மழையில் சிறந்தது எனக் கருதப்படுவதுண்டு. அகலமான பள்ளங்கள் நீரை எளிதில் வெளியேற்றுவது உண்மையே. ஆயினும் நீர் வெளியேறிய பின் தளத்தைப் பற்றுவதற்குப் போதிய இரப்பர் தேவை. பரப்புக் குறைந்ததும் கடினமான கலவையால் ஆனதுமான பட்டன் டயர், நனைந்த தார்ச்சாலையில் சாலை டயரைவிட எளிதில் வழுக்கும். சிலிக்கா கலந்த இரப்பர்க் கலவைகள் ஈரத்தளத்தில் பிடிப்பை மேம்படுத்துகின்றன. சில டயர்களில் நடுப்பகுதிக்குக் கடினமான கலவையும், வளைவுகளில் சாயும்போது தரையைத் தொடும் ஓரங்களுக்கு மென்மையான கலவையும் பயன்படுத்தப்படுகின்றன.

சரளையில்

சரளையில் தளமே நகர்கின்றது. இரப்பர் எவ்வளவு நன்றாகப் பற்றினாலும், பற்றப்பட்ட கல் அதன் அடியிலுள்ள கற்களின் மீது உருண்டோடும். எனவே அங்குக் கட்டைகள் தளத்துள் அழுந்தி, கற்களை இறுக்கிப் பிடித்து, அவற்றைத் தள்ளுவதன் மூலமே பிடிப்பு பெறப்படுகின்றது. இதன் அடிப்படையில் சரளைத் தளங்களை மூன்றாகப் பிரித்து நோக்கலாம்.

- கெட்டியான தரையின் மேல் மெல்லியதாகச் சிதறிய சரளை: கட்டைகள் அழுந்த இடமில்லாமையால் பட்டன் டயரின் பயன் குறைவு. மிதமான பள்ளங்கள் கொண்ட டயரே போதுமானது.
- ஆழமான, தளர்ந்த சரளையும் மணலும்: கட்டைகள் அழுந்த இயலுவதால் பட்டன் டயரின் மேம்பாடு இங்குத் தெளிவாகத் தெரியும்.
- நனைந்த களிமண் கலந்த சரளை: நெருக்கமான பள்ளங்களைச் சேறு அடைத்துக்கொள்ளும், டயர் மொட்டையானது போல் ஆகிவிடும். இடைவெளி அகன்ற கட்டைகள் சுழற்சியின்போது சேற்றை உதறிவிடுகின்றன.

உடைத்த கருங்கல் ஜல்லி பரவிய வழிகளில் பிடிப்பைப் போலவே டயரின் உறுதியும் கருதப்பட வேண்டும். ஆற்றுச் சரளை உருண்டையானது, ஜல்லி கூர்மையானது. அது டயரின் மெல்லிய பக்கச்சுவரைக் கிழிக்கக்கூடும். பக்கச்சுவர்க் கிழிசலைப் பஞ்சர் ஒட்டி நம்பத்தக்க வகையில் சரிசெய்ய இயலாது.

வகைகள்

உற்பத்தியாளர்கள் இருபயன் டயர்களைச் "சாலை/காட்டுவழி" என்னும் நூற்றுவீதத்தால் குறிப்பிடுவது வழக்கம். பொதுவாகக் காணப்படும் பிரிவுகள் பின்வருமாறு:

- 90/10: பெரும்பாலும் சாலைக்கு உரியவை, பள்ளங்கள் குறைவு. கெட்டியான மண்வழிகளில் மெதுவாகச் செல்ல ஏற்றவை. எடுத்துக்காட்டு: மெட்சலர் டூரன்சு, பிரெல்லி ஸ்கார்ப்பியன் டிரெயில்.
- 80/20 முதல் 60/40 வரை: ஆழ்ந்த பள்ளங்களும் அகன்ற கட்டைகளும் உடையவை. நெடும்பயணங்களில் பரவலாகப் பயன்படுபவை. எடுத்துக்காட்டு: ஐடனௌ கே60 ஸ்கௌட்.
- 50/50, 40/60: தனித்து நிற்கும் கட்டைகள் உடையவை. எடுத்துக்காட்டு: கான்டினென்டல் டிகேசி 80, மெட்சலர் கரூ.
- 20/80, 10/90: சாலையில் ஓட்டச் சட்டப்படி ஒப்புதல் பெற்ற காட்டுவழி டயர்கள். எடுத்துக்காட்டு: பிரெல்லி எம்டி 21.

இவ்வெண்கள் எந்தவொரு பன்னாட்டுத் தரத்தையும் சார்ந்தவை அல்ல. ஒரு நிறுவனத்தின் 60/40 டயர் மற்றொரு நிறுவனத்தின் 50/50 டயரை ஒத்திருக்கலாம். மேலும் அவை டயரின் நோக்கத்தைக் குறிக்கின்றனவே அன்றி, பிடிப்பின் அளவைக் குறிப்பதில்லை. 50/50 என்னும் டயர் சாலை டயரின் பாதியளவு பிடிப்பைத் தரும் எனப் பொருள் கொள்ளலாகாது.

ஆயுளிலும் இவை பெரிதும் வேறுபடுகின்றன. எடை மிகுந்த வண்டியின் பின்சக்கரத்தில் 90/10 டயர் 10,000 கி.மீ.க்கு மேல் உழைப்பது இயல்பு. அதே வண்டியில் 40/60 டயர் ஏறத்தாழ 4,000 முதல் 6,000 கி.மீ.க்குள் தேய்ந்துவிடக்கூடும். வேகம், சுமை, வெப்பநிலை, ஓட்டும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இது மாறுபடும்.

குறியீடுகள்

டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள குறியீடுகள் அதன் பூவேலைப்பாட்டைவிட முதன்மையானவை. வண்டிக்குப் பொருந்தாத அளவோ, போதாத சுமைத்திறனோ உடைய டயர் எவ்வளவு சிறந்த கட்டைகளைக் கொண்டிருந்தாலும் பாதுகாப்பற்றது. 150/70 ஆர் 17 69வி என்னும் குறியீட்டை எடுத்துக்கொண்டால்:

- 150 என்பது டயரின் அகலம் (மி.மீ.).
- 70 என்பது பக்க உயரம் அகலத்தில் 70 விழுக்காடு என்பதைக் குறிக்கின்றது.
- ஆர் என்பது ஆரப்போக்கு (ரேடியல்) கட்டமைப்பு. இவ்வெழுத்துக்குப் பதிலாகச் சிறுகோடு இருப்பின் அது குறுக்கிழைக் கட்டமைப்பு ஆகும்.
- 17 என்பது ரிம்மின் விட்டம் (அங்குலம்).
- 69 என்பது சுமைக் குறியெண். இதன்படி இந்த டயர் 325 கி.கி. வரை தாங்கும். 54 எனில் 212 கி.கி.; 65 எனில் 290 கி.கி.; 72 எனில் 355 கி.கி.
- வி என்பது வேகக் குறி. மணிக்கு 240 கி.மீ. எச் எனில் 210. டி எனில் 190. எஸ் எனில் 180. ஆர் எனில் 170. க்யூ எனில் 160.

பட்டன் டயர்கள் பலவற்றின் வேகக் குறி, அவ்வண்டிக்கு உரிய சாலை டயரின் வேகக் குறியைவிடக் குறைவாக இருக்கும். உயர்ந்த கட்டைகள் மிகை வேகத்தில் அளவுக்கு மீறிச் சூடாவதே இதற்குக் காரணம். இவற்றுள் பல "சேறும் பனியும்" என்பதைக் குறிக்கும் எம்+எஸ் முத்திரையைக் கொண்டுள்ளன. இத்தகைய டயரைப் பூட்டியவர் வண்டியின் உச்ச வேகத்தை அன்றி, டயரின் உச்ச வேகத்தையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

டாட் என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்கள் உற்பத்தி செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் தருகின்றன. 2319 எனில் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். இரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிப்பதால், கட்டைகள் தேயாத பழைய டயரும் பிடிப்பை இழந்திருக்கக்கூடும்.

சக்கரமும் டியூப்பும்

காட்டுவழி வண்டிகளின் முன்சக்கரம் பெரும்பாலும் 21 அங்குல விட்டமும், சாலையைச் சார்ந்த நெடும்பயண வண்டிகளின் முன்சக்கரம் 19 அல்லது 17 அங்குல விட்டமும் உடையது. பெரிய சக்கரம் கல்லையோ குழியையோ குறைந்த கோணத்தில் சந்திப்பதால் அதன்மீது எளிதில் ஏறிச் செல்கின்றது. சிறிய, அகன்ற சக்கரம் தார்ச்சாலையில் விரைந்து திரும்ப உதவுகின்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹிமாலயன் வண்டி, முன்னே 90/90-21, பின்னே 120/90-17 அளவுள்ள டயர்களைக் கொண்டிருந்தது. பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் வண்டியின் டயர் அளவு 2013 ஆம் ஆண்டில் முன்னே 120/70 ஆர் 19, பின்னே 170/60 ஆர் 17 என அகலமாக்கப்பட்டது.

கம்பிச் சக்கரங்கள் பெரும்பாலும் டியூப் உள்ள டயரையும், வார்ப்புச் சக்கரங்கள் டியூப் இல்லாத டயரையும் ஏற்கின்றன. டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால் காற்று பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமல் இரப்பர்த் திரியைச் செருகி வழியிலேயே அடைக்கலாம். டியூப் உள்ள டயரில் காற்று திடீரென இறங்கக்கூடும். சக்கரத்தைக் கழற்றியே சரிசெய்ய இயலும். மறுபுறம், கல்லில் மோதி நெளிந்த வார்ப்பு ரிம்மில் டியூப் இல்லாத டயர் காற்றைத் தக்கவைக்காமல் போகலாம். ஆகவே தொலைதூரச் சரளை வழிகளில் செல்வோர் தம் வண்டியின் சக்கர வகைக்கு ஏற்ற பழுதுநீக்கும் கருவிகளையும் காற்றடிக்கும் பம்பையும் எடுத்துச் செல்வது இன்றியமையாதது.

காற்றழுத்தம்

ஒரே டயரின் தன்மையை மிகுதியாக மாற்றவல்லது காற்றழுத்தமே ஆகும். அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடி, கற்களைச் சூழ்ந்து பற்றுகின்றது. சரளையில் முன்சக்கரம் அலைவதும் குறைகின்றது. தார்ச்சாலையில் 36 பி.எஸ்.ஐ. வைக்கப்படும் டயரைச் சரளையில் 28 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை குறைப்பது பல ஓட்டுநர்களின் வழக்கம். இதற்கு இரண்டு எல்லைகள் உள்ளன. அழுத்தம் மிகக் குறைந்தால் கூரிய கல்லில் மோதும்போது ரிம் நெளியும். டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி இரு துளைகள் விழும். மேலும், குறைந்த அழுத்தத்துடன் தார்ச்சாலையில் விரைந்தால் பக்கச்சுவர் ஓயாது மடிந்து சூடாகி, டயர் உருக்குலையக்கூடும். எனவே தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் அழுத்தத்தை மீட்டல் வேண்டும். சுமைக் குறியெண் காட்டும் சுமையை டயர் தாங்குவது உரிய அழுத்தம் இருக்கும்போது மட்டுமே. பின்னிருக்கைப் பயணியும் பெட்டிகளும் உள்ள வண்டியில் இது மேலும் கவனத்திற்குரியது.

அழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கப்பட வேண்டும். வெப்பநிலை 10 °செ. குறைந்தால் 36 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் ஏறத்தாழ 1.5 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை குறையும்.

தேர்ந்தெடுக்கும் முறை

டயரைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுவாகப் பின்வரும் வரிசை பின்பற்றத்தக்கது:

1. வண்டி உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவு, சுமைக் குறியெண், கட்டமைப்பு ஆகியவற்றுக்குப் பொருந்துவனவற்றை மட்டும் கருத்தில் கொள்ளுதல்.
2. உண்மையில் ஓட்டப்படும் தொலைவைத் தளவாரியாகக் கணக்கிடுதல். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுபவர் அதில் 500 கி.மீ. மட்டுமே சரளையில் சென்றால், அப்பங்கு 5 விழுக்காடே ஆகும்.
3. சரளையின் தன்மையை அறிதல்: கெட்டியானதா, ஆழமானதா, களிமண் கலந்ததா.
4. மழையில் தார்ச்சாலையில் விரைந்து செல்ல நேரிடுமா என நோக்குதல். நேரிடுமாயின் ஈரப்பிடிப்புக்கு முதன்மை தருதல்.
5. வழியில் மாற்று டயர் கிடைக்குமா என ஆராய்தல்.

முன்னும் பின்னும் வெவ்வேறு வகை டயர்களைப் பூட்டுவதும் உண்டு. சரளையில் பின்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் பெரும்பாலும் சமாளிக்க இயலும். முன்சக்கரம் வழுக்கினால் இயலாது. மேலும் எந்திரத்தின் விசையைத் தாங்கும் பின் டயரே விரைவில் தேய்கின்றது. ஆதலால் முன்னே பட்டன் டயரும், பின்னே நெடுநாள் உழைக்கும் 70/30 வகையும் பூட்டுவோர் உளர். ஆனால் இவ்வமைப்பில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு சுமையைத் தாங்கும் முன்சக்கரத்திலேயே பிடிப்புக் குறைந்த டயர் அமைகின்றது. ஆரப்போக்கு டயரையும் குறுக்கிழை டயரையும் கலந்து பூட்டுவதற்கு உற்பத்தியாளரின் ஒப்புதல் தேவை.

எடுத்துக்காட்டு: டால்டன் நெடுஞ்சாலை

ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள டால்டன் நெடுஞ்சாலை இருபயன் டயர்த் தேர்வின் சிக்கலை நன்கு விளக்குகின்றது. எண்ணெய்க்குழாய்த் திட்டத்திற்கென 1974 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இச்சாலை, 1994 ஆம் ஆண்டில் முழு நீளத்திற்கும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 666 கி.மீ. நீளமுள்ள இச்சாலையின் பெரும்பகுதி சரளையால் ஆனது. புழுதியைக் கட்டுப்படுத்துவதற்காக இதன்மீது கால்சியம் குளோரைடு தெளிக்கப்படுகின்றது. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இவ்வுப்பு, உலர்ந்த நாளில் தளத்தைக் கெட்டியாக்குகின்றது. மழை பெய்தால் அதே தளம் வழுவழுப்பான சேறாகின்றது. கோல்டுஃபுட் என்னும் இடத்திலிருந்து வடமுனையிலுள்ள டெட்ஹார்சு வரை ஏறத்தாழ 385 கி.மீ. தொலைவுக்கு எரிபொருள் நிலையமோ பழுதுநீக்கும் கடையோ இல்லை.

இருப்பினும் இச்சாலையை அடைவதற்கு நெடுந்தொலைவு தார்ச்சாலையில் செல்ல வேண்டும். கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கும் அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக, ஃபேர்பாங்க்ஸ் நகரைக் கடந்து டெட்ஹார்சு வரை செல்லும் தொலைவு ஏறத்தாழ 3,200 கி.மீ. இதில் டால்டன் நெடுஞ்சாலையின் பங்கு ஐந்தில் ஒன்று மட்டுமே. தொடக்கத்திலேயே 40/60 டயரைப் பூட்டிச் செல்பவரின் கட்டைகள், அவை மிகுதியாகத் தேவைப்படும் இடத்தை அடையுமுன் பாதியளவு தேய்ந்திருக்கும். 90/10 டயரைப் பூட்டிச் செல்பவர் உலர்ந்த நாளில் இடரின்றிச் செல்லலாம், மழையில் தடுமாறுவார். இதனால் சிலர் 80/20 வகை டயருடன் வந்து, மழை பெய்தால் காத்திருக்கின்றனர். வேறு சிலர் ஃபேர்பாங்க்சில் பட்டன் டயரை மாற்றிக்கொண்டு, திரும்பி வந்ததும் பழைய டயரைப் பூட்டிக்கொள்கின்றனர்.

தேய்வும் மாற்றமும்

டயரின் பள்ளங்களுக்குள் அமைந்துள்ள சிறு மேடுகள் தேய்வு காட்டிகள் ஆகும். கட்டைகள் இம்மேடுகளின் மட்டத்தை அடைந்தால் டயர் கட்டாயம் மாற்றப்பட வேண்டும். சரளையில் டயரின் பயன் இந்நிலையை அடைவதற்கு வெகுமுன்பே குறைந்துவிடுகின்றது. பாதி உயரம் தேய்ந்த பட்டன் டயர் சட்டப்படி செல்லத்தக்கதாயினும், தளர்ந்த சரளையில் சாலை டயரை ஒத்தே நடந்துகொள்ளும். புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால், முதல் 100 முதல் 150 கி.மீ. வரை வளைவுகளில் மெதுவாகச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. சரளைப் பயணத்திற்குப் பின் கட்டைகளுக்கு இடையே சிக்கிய கற்களை அகற்றி, வெட்டுகளையும் ரிம்மின் நெளிவையும் கம்பிகளின் இறுக்கத்தையும் சரிபார்த்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- விசையுந்து
- டயர்
- இரப்பர்
- உராய்வு
- டக்கார் பேரணி